சீனியம்மாள் ஒப்பித்த பாடம்

டைபாயிடு காய்ச்சலில் விழுந்து எழுந்தவன் என்பதால், அதைப் பற்றி நாலு பேருக்குப் பயன்படும்படி எழுதலாமே என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். எனக்கு வந்த காய்ச்சலை எழுதுவதில் கஷ்டமே இல்லை. ஆனால் என் மனைவிக்கு வந்த காய்ச்சலையும் சேர்த்து எழுதாவிட்டால் அது பாதிப் பொய்யாகிவிடும். அதனால்தான் இத்தனை மாதம் தள்ளிப்போட்டேன். இப்போது இரண்டையும் எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் என்னைத் திட்டினால் திட்டிக்கொள்ளட்டும்.

நான் ராஜபாளையத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது தலைவலி மண்டையைப் பிளந்தது. மழையில் நனைந்த காய்ச்சல் என்று நினைத்தேன். இந்தக் காய்ச்சலின் குணம் அதுதான். எடுத்த எடுப்பில் பயமுறுத்தாது. இன்றையைவிட நாளைக்குக் கொஞ்சம் கூட, நாளையைவிட மறுநாள் கொஞ்சம் கூட என்று படிப்படியாக ஏறும். காலையில் சற்று இறங்கும்போது நமக்கு நம்பிக்கை வரும், சாயங்காலம் அந்த நம்பிக்கையில் மண் விழும். வைத்தியர் கொடுத்த கஷாயத்தைக் குடித்துக்கொண்டு எட்டு நாள் கிடந்தேன். ஒன்பதாம் நாள், சுவரில் இருந்த பல்லியை வகுப்புக்குத் தாமதமாக வந்ததற்காக அதட்டினேனாம். அதோடு என் மனைவி சீனியம்மாள் பொறுமை இழந்துவிட்டாள். ஒரே மகளை ஆலங்குளத்தில் இருந்த தன் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள்.

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டிய நாட்கள் அவை. எங்கள் பஸ் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஜனங்கள் இறங்கி ஓரமாக நின்றார்கள். சீனியம்மாள் மட்டும் இறங்கவில்லை. என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையை நனைத்து நெற்றியில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். யாரோ ஓர் அம்மாள் தன் தூக்குச்சட்டியிலிருந்த வெந்நீரைக் கொடுத்துவிட்டுப் போனது நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் கலங்கலாகத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். கையில் ஊசி குத்திக் கொஞ்சம் ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். இந்தக் கிருமியோடு நம் ரத்தம் சண்டை போட ஆரம்பித்திருக்கிறதா என்று பார்க்கிற சோதனையாம். பதில் வர நாளாகும். டாக்டர் அதற்குக் காத்திருக்கவில்லை.

"டைபாயிடுதான். இதுக்கு மருந்து கிடையாது. கவனிப்புதான் மருந்து" என்றார் சீனியம்மாளிடம்.

மருந்து இல்லை என்பதைக் கேட்டு அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. "என்ன கவனிக்கணும்னு சொல்லுங்கய்யா, கவனிக்கேன்."

டாக்டர் விளக்கினார். கிருமி குடலில் புண்களை உண்டாக்கியிருக்கிறது. மெலிந்த துணியை இழுத்தால் கிழிகிற மாதிரி, கெட்டியான ஆகாரம் உள்ளே போனால் அந்தப் புண் கிழிந்துவிடும், கிழிந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். அதனால் மூன்று வாரம் பார்லித் தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர், நீர் மோர் இவைதான். காய்ச்சல் ஏறினால் ஈரத்துணியால் உடம்பைத் துடைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் முதுகு புண்ணாகும், ஆகவே அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

அத்தனையும் அவள் செய்தாள். நான் செய்ததையும் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு வாய் சோறும் தேங்காய்த் துவையலும் வேண்டும் என்று சண்டை போட்டேன். பார்லித் தண்ணீரை ஒரு தடவை தட்டிவிட்டேன், அது அவள் சேலையெல்லாம் கொட்டியது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிழவர், "வாத்தியாரே, ஒம்ம பள்ளிக்கூடத்துப் பயலுக தேவலை போலிருக்கே" என்று சிரித்தார். எனக்கு வெட்கமாக இல்லை, கோபம்தான் வந்தது. நோயாளி என்ற பட்டம் கிடைத்தால் மனுஷனுக்கு எல்லாரையும் அதட்ட உரிமை வந்துவிட்டதாகத் தோன்றும் போலிருக்கிறது. எனக்கு அந்த உரிமை ஏற்கெனவே கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது.

நான்காவது வாரத்தில் காய்ச்சல் விட்டது. அப்போதுதான் எஸ்தரம்மாளின் பாடத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

எஸ்தரம்மாள் நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்த தலைமை நர்ஸ். ஐம்பது வயது இருக்கும். அந்த ஆஸ்பத்திரியில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வீட்டுக்குப் போகப்போகிற நோயாளியின் வீட்டு ஆள் யாரோ, அவர்கள் தினமும் மத்தியானம் முற்றத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். கடைசி நாள் அதை ஒப்பிக்க வேண்டும், கையாலும் செய்து காட்ட வேண்டும். சரியாக ஒப்பித்தால்தான் வீட்டுக்குப் போகிற சீட்டில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கித் தருவார். தப்பினால் நோயாளி இன்னும் இரண்டு நாள் கட்டிலில் கிடக்க வேண்டியதுதான்.

"வீட்டுக்குப் போனா அங்க யாரு டாக்டரு? நீதான். யாரு நர்ஸு? நீதான். அள்ளிக் கொட்டுறவளும் நீதான். அதனால காதைத் தொறந்து வச்சுக் கேளு" என்று ஆரம்பிப்பார். என் கட்டிலுக்கு நேரே ஜன்னல். ஒரு வாத்தியாருக்கு இன்னொருவர் பாடம் நடத்துவதைப் பார்க்கச் சுவாரஸ்யமாக இருக்காதா? தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு கேட்டேன்.

அவர் சொன்னதில் முக்கியமானது இதுதான். காய்ச்சல் போய்விட்டாலும் கிருமி போகாது. ஒரு மாதம், இரண்டு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் குடலிலேயே குடியிருந்து, வெளிக்குப் போகும்போது வெளியே வரும். அங்கேயிருந்து கைக்கு, கையிலிருந்து சோற்றுக்கு, சோற்றிலிருந்து அடுத்தவர் வாய்க்கு. ஆகவே நோயாளியின் கழிவைச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். அவருக்குத் தனித் தம்ளர், தனிச் சொம்பு. குடிக்கிற தண்ணீர் கொதித்து ஆற வேண்டும். அவரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கவனிக்கிறவரும் கழுவ வேண்டும்.

சீனியம்மாள் ஒப்பித்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தண்ணீர், சுண்ணாம்பு, கை கழுவுதல் எல்லாவற்றையும் தங்குதடை இல்லாமல் சொன்னாள். எஸ்தரம்மாள் ஒரு காய்ந்த இலையை அவள் முன்னால் போட்டார்.

"ஒங்க வீட்டுக்காரரு சாப்பிட்டு எந்திரிச்சிட்டாரு. எலையில நல்ல சோறு மிச்சம் கெடக்கு. என்னட்டி செய்வே?"

"கையால தொடாம மடிச்சுக் குழியில போட்டு, சுண்ணாம்பு தூவி மூடுவேம்மா."

"நீ எதுல சாப்பிடுவே?"

சீனியம்மாள் முழித்தாள். சுற்றியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையிலேயே பெண்டாட்டி உட்கார்ந்து சாப்பிடுவது நித்தியப்படி வழக்கம். கல்யாணத்தன்று தொடங்குவது, ஒருவர் கண்ணை மூடும்வரை நடக்கும்.

"தனித் தட்டுலம்மா" என்றாள் மெதுவாக.

"சத்தமாச் சொல்லு. ஒன் வீட்டுக்காரரும் கேக்கட்டும்."

"தனித் தட்டுல சாப்பிடுவேன்!"

எஸ்தரம்மாள் சீட்டைக் கொடுத்தார். இவ்வளவு சுத்தமாக ஒப்பித்தவளை அந்த வருஷம் பார்க்கவில்லை என்றாராம். வரும் வழியெல்லாம் சீனியம்மாள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பாடத்தில் ஒரே ஒரு குறை. கவனிக்கிறவளுக்குத்தான் நடத்தினார்கள். கவனிக்கப்படுகிறவனை யாரும் உட்கார வைத்து ஒப்பிக்கச் சொல்லவில்லை. அதற்காக எஸ்தரம்மாளைக் குறை சொல்ல மாட்டேன். ஜன்னல் வழியாக எல்லாப் பாடத்தையும் கேட்டவன் நான். தெரியாது என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

வீட்டுக்கு வந்தபின் சீனியம்மாள் சொன்ன சொல் தவறாமல் நடந்தாள். மகளை ஆலங்குளத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டாள். கொல்லையில் முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு குழி வெட்டினாள். சுண்ணாம்புச் சட்டியை மூடி வைத்தாள். நான் கொல்லையிலிருந்து திரும்பினால் சோப்பும் தண்ணீருமாக வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள். ஒரு வாரம் கஞ்சி, அடுத்த வாரம் குழைந்த சாதம். சாப்பிட்டு எழுந்ததும் இரண்டு குச்சியால் இலையை மடித்துக் கொண்டுபோய்ப் புதைப்பாள். பிறகு அடுக்களைக்குள் போய்த் தன் தட்டில் போட்டுச் சாப்பிடுவாள். அந்தத் தட்டின் சத்தம் எனக்குக் கூடத்தில் கேட்கும்.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு சுப்பம்மா தெலுங்குக்காரர், நல்ல மனுஷி, வேடிக்கையாகப் பேசுவார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் வீட்டு மாட்டுக்குத் தீனி போட்டுப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஒரு நாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"ஏமய்யா வாத்தியாரே, உம்ம பொண்டாட்டி பெரிய நர்ஸம்மா ஆயிட்டாளே! அடிச்ச பாம்பைப் பொதைக்கிற மாதிரியில்ல உம்ம எலையைப் பொதைக்கா!"

சொல்லிவிட்டு அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரே சுவருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பதாகத் தோன்றியது. அன்று மத்தியானம் சீனியம்மாள் இலை போட்டாள். நான் உட்காரவில்லை.

"என்னங்க, பசிக்கலையா?"

"என் எச்சி ஒனக்கு அருவருப்பாப் போச்சாட்டி?"

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டாள். "அருவருப்பு என்னங்க அருவருப்பு? நர்ஸம்மா சொன்னதை நீங்களும் கேட்டியள்லா?"

"பதினோரு வருசம் என் எலையில தின்னியே, அப்ப எங்க போயிருந்தா ஒங்க நர்ஸம்மா?"

"இன்னும் ஒரு மாசந்தாங்க. பொறவு எப்பவும் போல..."

"எனக்குச் சோறு வேண்டாம். என்னைத் தீட்டுப் பட்டவன் மாதிரி நடத்துற வீட்ல நான் தின்ன மாட்டேன்."

மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குக் கஞ்சி கொண்டுவந்தாள், திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் மோர் கொண்டுவந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காய்ச்சலில் பாதியாக இளைத்துப் போனவன் நான். நேரத்துக்கு நேரம் ஆகாரம் போகாவிட்டால் மறுபடியும் விழுந்துவிடுவான் என்பதும் அவள் ஒப்பித்த பாடத்தில்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் பட்டினி கிடந்தேன். வகுப்பில் முரட்டுப் பையனைப் பணியவைக்கிற வாத்தியாருக்கு, எங்கே பிடித்தால் ஆள் மடங்குவான் என்று தெரியாதா?

விளக்கு வைத்ததும் மறுபடியும் இலை போட்டாள். "நீங்க சாப்பிடுங்க. நான் எலைய எடுக்கல" என்றாள்.

சாப்பிட்டேன். வேண்டுமென்றே ஒரு கவளம் மிச்சம் வைத்துவிட்டு எழுந்தேன். அவள் என் இடத்தில் உட்கார்ந்தாள். இலையைப் பார்த்தாள். சோற்றைப் போட்டுக்கொண்டு, என் மிச்சத்தையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும் அல்லவா? சந்தோஷமாக இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது.

அதன்பின் அவள் குழியில் இலையைப் போடவில்லை. சோப்பைக் கொண்டுவந்து வாசலில் அவள் மறிப்பதையும் நிறுத்த வைத்தேன். இரண்டு வாரம் வீடு பழைய வீடாக இருந்தது.

பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, அவள் தண்ணீர் இறைக்கும்போது கயிற்றை விட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. மழைக் காய்ச்சலாக இருக்கும் என்றேன். உள்ளே போய்த் தனக்கென்று ஒரு தம்ளரை எடுத்துத் தனியே வைத்தாள். பாயை மூலையில் போட்டாள்.

"எனக்கு அதுதாங்க" என்றாள். "நீங்க என் தம்ளரத் தொடாதிய. சுண்ணாம்பு தீந்து போச்சு, வாங்கிப் போடுங்க."

என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று அவள் என்னைத் திட்டியிருந்தால் பிற்பாடு எனக்குக் கொஞ்சமாவது இலேசாக இருந்திருக்கும்.

இந்தத் தடவை பஸ்ஸில் அவள் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே எஸ்தரம்மாள் எங்களைப் பார்த்துவிட்டார். நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார். அவர் முகம் மாறியது.

"ஏட்டி சீனியம்மா, எப்படிட்டி வந்துது? அவரு எலையில சாப்பிட்டியா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். சீனியம்மாள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இல்லம்மா. வெறகு எடுக்கப் போனேன். தாகமா இருந்துது, கம்மாத் தண்ணியக் குடிச்சிட்டேன்."

எஸ்தரம்மாளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "கம்மாத் தண்ணியா? கொதிக்க வச்ச தண்ணிதான் குடிப்பேன்னு அந்த மரத்தடியில நின்னு ஒப்பிச்சவ நீதானே? வாய்ல ஒப்பிச்சாப் போதுமா? ஒன்னை நம்பி இந்த மனுசனைக் கையில குடுத்தேனே, ஒன் ஒடம்பைப் பாக்கத் தெரியலையே ஒனக்கு!"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சீனியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம்மா, புத்தி கெட்டுப் போச்சு" என்றாள். அந்த நேரம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் கத்தினாலும் மேலே கேட்கிற குரல் என்னுடையது. நான் மேல்துண்டைச் சரி செய்துகொண்டேன். எஸ்தரம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "நீங்க உக்காருங்க வாத்தியாரய்யா, நீங்களே எந்திரிச்சு வந்த ஆளு" என்றார். நான் உட்கார்ந்தேன்.

பெண்கள் வார்டில் ஆண்கள் பகலில் மட்டும்தான் இருக்கலாம். பொழுது விடிந்ததும் போய் உட்காருவேன். எனக்கு அவள் செய்ததையெல்லாம் நான் அவளுக்குச் செய்தேன். துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன், கழிவை எடுத்துக் கொட்டினேன். பெண்டாட்டிக்கு ஓர் ஆண் இதையெல்லாம் செய்வதை அந்த வார்டு வேடிக்கை பார்த்தது. ஒரு கிழவி தன் மருமகனைக் கூட்டிவந்து, "இவிய மாதிரி மனுசன் கெடைக்கணும்" என்று என்னைக் காட்டினாள். பார்லித் தண்ணீரை மடக்கென்று குடித்துவிட்டு, "உங்களுக்குச் சிரமம்" என்பாள் சீனியம்மாள். அதற்குப் பதிலாக அவள் என் முகத்தில் அறைந்திருக்கலாம்.

மூன்றாம் வாரம் பயந்தது நடந்தது. குடல் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தது. வெளிக்குப் போனது கறுப்பாக இருந்தது, நாடி ஓடு ஓடென்று ஓடியது, கை கால் சில்லிட்டு வியர்த்தது. டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். வாயில் ஒரு சொட்டு எதுவும் போகக் கூடாது, அசையக் கூடாது. வலிக்கும் தூக்கத்துக்கும் ஊசி போட்டார். "ரெண்டு நாள் தாண்டினா பாப்போம்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லாமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் எனக்குத் தாங்க முடியாத வெட்கம். வராந்தாவிலிருந்து பார்த்தால் ஆண்டாள் கோவில் கோபுரம் தெரியும். கையெடுத்துக் கும்பிட்டேன். அவளைக் காப்பாற்று என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியதைச் சாமியிடமும் சொல்லவில்லை. அதுகூடப் பரவாயில்லை. இரண்டாம் நாள் அவள் நினைவு தப்பிப் பிதற்ற ஆரம்பித்தாள். "சுண்ணாம்பு தூவணும்... எலைய எடுக்கல, நீங்க சாப்பிடுங்க... எடுக்கலங்க..." எஸ்தரம்மாள் நாடி பார்க்க வந்து குனிந்தார். எனக்கு முதலில் வந்த பயம், இவள் செத்துப்போவாளோ என்பது அல்ல. இவள் சொல்லிவிடுவாளோ என்பதுதான். சட்டென்று இடையில் புகுந்து, அவள் உதட்டை ஈரப்பஞ்சால் துடைக்கிற சாக்கில் மறைத்துக்கொண்டேன்.

துடைத்தபோது அவள் உதடு வெடித்திருந்ததைப் பார்த்தேன். பஞ்சைக் கீழே போட்டுவிட்டேன். எஸ்தரம்மாள் அதைத் துக்கம் என்று நினைத்து என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அவள் பிழைத்தாள். எப்படிப் பிழைத்தாள் என்று டாக்டருக்கே தெரியவில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, அது வளர்ந்துவிட்டது. இடது காது கேட்காமல் போனது, அது திரும்பவில்லை. சிலருக்கு இந்தக் காய்ச்சல் காது நரம்பைத் தொட்டுவிடும் என்றார் டாக்டர்.

சீட்டு வாங்க இந்த முறை நான் மரத்தடியில் உட்கார்ந்தேன். பத்துப் பெண்களுக்கு நடுவில் ஒற்றை ஆண். கடைசி நாள் எஸ்தரம்மாள் என் முன்னால் இலையைப் போட்டார். "இதுல மிச்சம் கெடக்கு, என்ன செய்வீக?" மடித்து, குழியில் போட்டு, சுண்ணாம்பு தூவி மூடுவேன் என்று ஒப்பித்தேன். ஓர் எழுத்துப் பிசகவில்லை. "வாத்தியாருன்னா வாத்தியாருதான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார் எஸ்தரம்மாள்.

வீட்டுக்கு வந்தபின் மாதம் ஒரு தடவை சோதனைக்குப் போக வேண்டும். கிருமி இன்னும் இருக்கிறதா என்று மலத்தை எடுத்துப் பார்ப்பார்கள். முதல் மாதம் போனபோது பாடம் நடந்துகொண்டிருந்தது. எஸ்தரம்மாள் சீனியம்மாளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினார்.

"இவளைப் பாருங்க. இவளை மாதிரி ஒப்பிச்சவ கெடையாது. வீட்டுக்குப் போயிக் கம்மாத் தண்ணியக் குடிச்சா. சாவு வாசல் வரைக்கும் போயி வந்திருக்கா, ஒரு காது போச்சு. நீங்களும் இப்படிச் செய்வியளா?"

"செய்ய மாட்டோம்" என்று பெண்கள் பள்ளிப் பிள்ளைகள் போல ஒன்றாகச் சொன்னார்கள். சீனியம்மாள் சிரித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் மாதமும் அதே. அதற்குள் அவள் அதில் தேறிவிட்டாள். கண்மாய்த் தண்ணீர் எப்படி இனித்தது என்றுகூட ஜோடித்துச் சொன்னாள். மூன்றாம் மாதம் எஸ்தரம்மாள், "இவளுக்குப் புத்தி எங்க போச்சுன்னு கேளுங்க" என்றபோது ஒரு சின்னப் பெண், கல்யாணமாகி ஆறு மாதம்கூட இருக்காது, களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"அவ தண்ணி குடிக்கலம்மா" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "என் எலையில சாப்பிட்டா. மாட்டேன்னுதான் சொன்னா. நான் பட்டினி கிடந்து, சாப்பிட வச்சேன். அவ பாடத்தை மறக்கல. நான்தான்..."

சீனியம்மாளின் கேட்காத காது என் பக்கம் இருந்தது. ஆனாலும் எல்லார் முகத்தையும் பார்த்து அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எஸ்தரம்மாள் அவளுக்கு அந்தப் பக்கம் போய், வலது காதில் கேட்டார். "ஒன் வீட்டுக்காரரு சொல்றது நெசமாட்டி?"

சீனியம்மாள் என்னைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு எஸ்தரம்மாளிடம் திரும்பிச் சிரித்தாள்.

"இல்லம்மா. காச்சல் வந்ததுலேருந்து அவியளுக்கு மனசு சரியில்ல. எல்லாம் தன்னாலதான்னு ஏதாவது சொல்லிக்கிட்டே இருக்காவ. நான் கம்மாத் தண்ணிதாம்மா குடிச்சேன்."

பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எஸ்தரம்மாள் மட்டும் என்னைச் சற்று நேரம் கூர்ந்து பார்த்தார். என்ன நினைத்தாரோ, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுடைய நல்ல காதுப் பக்கமாக உட்கார்ந்தேன். கிருஷ்ணன்கோவில் பக்கம் போகிற வண்டி ஒன்று எங்களுக்கு வழி விட்டு நின்றிருந்தது. "ஏன் இல்லேன்னு சொன்னே?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லிட்டு லேசாப் போயிருவிய" என்றாள், வெளியே பார்த்துக்கொண்டே. "பொறவு அந்தப் பொம்பளைக என்னை என்னன்னு நெனப்பாளுக? புருசன் சொன்னான்னு தெரிஞ்சே வெசத்தத் தின்னவன்னு நெனப்பாளுக. கம்மாத் தண்ணி குடிச்சேன்னா அது நானாச் செஞ்ச தப்பு. அது தேவலை எனக்கு."

"இன்னொருக்க அங்க வாயத் தொறக்காதிய" என்றாள். "ஒங்களை மன்னிச்சுட்டேன்னு நான் எங்கயும் சொல்லல, பாத்துக்கிடுங்க."

அதன்பின் அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. அவள் இன்னும் மாதாமாதம் போய் நிற்கிறாள், கண்மாய்த் தண்ணீர் கதையைச் சொல்கிறாள், பெண்கள் சிரிக்கிறார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதியிருப்பது அவளுக்குத் தெரியாது. தெரியவும் வராது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த நான் அவளுக்கு ஓர் எழுத்துக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதும் இப்போது எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது.